செகெனென்ரேயை ஒரே வரியில் கடந்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பண்டைய எகிப்தை அந்நிய ஆட்சியிலிருந்து மீட்ட மன்னர் முதலாம் அஹ்மோஸைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். உலக வரலாற்றுக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கும் வழக்கத்தைத் தாங்கள் இன்றும் கைவிடாதிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அக்கட்டுரையில் அஹ்மோஸின் தந்தை செகெனென்ரே தாவோவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். வட எகிப்தை ஆண்டுவந்த அந்நியரான ஹிக்சோஸ்களின் படையோடு அவர் தேரேறிப் போரிட்டு மாண்டார் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டுரை மகனிடம் தாவிவிடுகிறது. அந்த ஒற்றை வாக்கியத்தில் வரும் தேருக்கும் ஆதாரம் இல்லை. கூடவே அச்சிடப்பட்டிருந்த, தேரில் நின்று வில் வளைக்கும் மன்னரின் ஓவியத்துக்கும் ஆதாரம் இல்லை. வரலாற்றைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் கற்பித்தவள் என்ற முறையில், இந்த மன்னருக்கு உரிய இடத்தைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஹிக்சோஸ் மன்னர்கள் நைல் டெல்டாவின் கிழக்குப் பகுதியில் இருந்த அவாரிஸைத் தலைநகராகக் கொண்டு, சுமார் கி.மு. 1650 முதல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் வட எகிப்தை ஆண்டார்கள். எகிப்திய வரலாற்றின் பதினைந்தாம் வம்சம் என்று குறிக்கப்படுபவர்கள் இவர்களே. தெற்கே தீப்ஸ் நகரில், பதினேழாம் வம்சம் எனப்படும் உள்ளூர் அரச குடும்பம் ஆண்டுவந்தது. அதற்கும் தெற்கே, நூபியாவில், கெர்மாவைத் தலைநகராகக் கொண்ட குஷ் அரசு வலுவாக இருந்தது. தெற்கில் எலிபன்டைன் தீவு, வடக்கில் கூசே நகரம், இவற்றுக்கு இடைப்பட்ட நைல் கரை மட்டுமே தீப்ஸ் மன்னர்களின் கையில் இருந்தது. கப்பல் கட்டத் தேவையான லெபனான் தேவதாரு மரம் வடக்கு வழியாகத்தான் வரவேண்டும். தங்கம் தெற்கு வழியாகத்தான் வரவேண்டும். இரண்டு வாயில்களின் திறவுகோலும் பிறரிடம் இருந்தன. அப்படிப்பட்ட ஒரு சிற்றரசின் தலைவராக இருந்துகொண்டு, வடக்கே உள்ள பேரரசனோடு மோதத் துணிந்தவர் செகெனென்ரே. அவருடைய ஆட்சி கி.மு. 1555-ஐ ஒட்டி முடிந்தது என்பது பொதுவான கணிப்பு.

அவர் எப்படி இறந்தார் என்பதற்கு நம்மிடம் உள்ள சாட்சி அவருடைய உடலேதான். தீப்ஸுக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், டெய்ர் எல்-பஹ்ரி பாறைகளுக்கு நடுவே மறைவாக இருந்த ஒரு குழியில் பல அரச மம்மிகள் மொத்தமாக அடுக்கப்பட்டிருந்தது 1881-ஆம் ஆண்டு அதிகாரிகளுக்குத் தெரியவந்தது. கல்லறைக் கொள்ளையருக்கு அஞ்சி, பிற்காலப் பூசாரிகள் பழைய மன்னர்களின் உடல்களைத் திரட்டி அங்கே ஒளித்துவைத்திருந்தார்கள். அவற்றுள் ஒன்று செகெனென்ரேயின் உடல். 1886-ஆம் ஆண்டு ஜூன் மாதம், எகிப்தின் தொல்பொருள் துறைக்குத் தலைமை வகித்த பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் மாஸ்பெரோ அதைச் சுற்றியிருந்த துணிகளைப் பிரித்தபோது, அங்கிருந்தவர்கள் எதிர்பார்த்த அமைதியான அரச முகம் வெளிப்படவில்லை. உதடுகள் பின்னுக்கு இழுபட்டுப் பற்கள் தெரிய, நெற்றியும் கன்னமும் பிளந்து, அடர்ந்த சுருள்முடிக்குக் கீழே எலும்பு உடைந்து கிடந்த ஒரு மனிதரின் முகம்தான் தெரிந்தது.

இந்தக் காயங்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் வாதம் முழுவதும் இவற்றின் மேல்தான் நிற்கிறது. நெற்றியின் குறுக்கே ஏறத்தாழ 7 செ.மீ. நீளத்தில் ஒரு வெட்டு. எதிரே நின்ற ஒருவன் வாளாலோ கோடரியாலோ மேலிருந்து ஓங்கி இறக்கியது அது. அந்த ஒன்றே உயிரைப் போக்கப் போதுமானது. வலது கண்ணருகே, கோடரியால் விழுந்ததாகக் கருதப்படும், 3 செ.மீ.க்குச் சற்றே கூடுதலான இன்னொரு வெட்டு. மூக்கையும் வலது கன்னத்தையும் நொறுக்கிய அடிகள் கோடரியின் காம்பாலோ தடியாலோ விழுந்திருக்கலாம். இடப்பக்கத்தில் நின்ற வேறொருவன் மண்டையோட்டின் அடிப்பகுதியில் ஈட்டியைச் செருகியிருக்கிறான். அந்தத் துளையின் நீளம் சுமார் 3.5 செ.மீ. கொல்லும் காயங்கள் அத்தனையும் தலையில்தான் இருக்கின்றன. கைகளில் ஒரு வெட்டுகூட இல்லை. தன்மேல் பாயும் ஆயுதத்தைக் கண்ட எந்த மனிதனும் அனிச்சையாகக் கையைத் தூக்கி முகத்தை மறைப்பான். அப்போது முதல் வெட்டை முழங்கைதான் வாங்கும். இங்கே அது நிகழவில்லை.

இந்தப் புதிரை விடுவிக்க அறிஞர்கள் நூறாண்டுக்கும் மேலாக முயன்றிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த உடலை ஆராய்ந்த உடற்கூற்றியல் அறிஞர் எலியட் ஸ்மித், கைகளில் காயமில்லாததை முன்வைத்து, மன்னர் படுத்திருந்தபோது, ஒருவேளை உறக்கத்திலேயே, ஒருவருக்கு மேற்பட்டோரால் தாக்கப்பட்டிருக்கலாம் என்று கருதினார். அரண்மனைச் சதி என்ற கருத்து இப்படித்தான் வலுப்பெற்றது. உடல் ஒழுங்காக நிமிர்த்தப்படாமல் கோணியிருந்ததால், போர்க்களத்தின் அருகிலேயே அவசர அவசரமாகப் பதப்படுத்தினார்கள் என்ற கருத்தும் நிலவியது. 1960-களில் எக்ஸ்ரே படங்களும் எடுக்கப்பட்டன. ஆயினும் விவாதம் தீரவில்லை.

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், கெய்ரோ பல்கலைக்கழகத்தின் கதிரியக்கவியல் பேராசிரியர் சஹர் சலீமும் எகிப்தியவியலாளர் ஸாஹி ஹவாஸும் இணைந்து வெளியிட்ட சி.டி. ஸ்கேன் ஆய்வு, இந்த வழக்கைப் புதிய திசையில் திருப்பியது. மன்னர் இறந்தபோது அவருக்கு வயது சுமார் 40. மணிக்கட்டுகள் வளைந்து விரல்கள் விறைத்திருந்த விதத்தைக் கொண்டு, இறக்கும் வேளையில் அவருடைய கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்திருக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அப்படியானால் கைகளில் காயமில்லாததற்கு உறக்கத்தைக் காரணம் காட்ட வேண்டியதில்லை. களத்தில் பிடிபட்டு, கை கட்டப்பட்டு, ஒன்றுக்கு மேற்பட்டோர் சுற்றி நின்று வெவ்வேறு ஆயுதங்களால் கொன்றிருக்கிறார்கள் என்பது அவர்களின் விளக்கம். அவாரிஸ் இருந்த இடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டுக் கெய்ரோவில் வைக்கப்பட்டுள்ள ஹிக்சோஸ் காலத்து ஆயுதங்களோடு காயங்களின் வடிவத்தை அவர்கள் ஒப்பிட்டார்கள், பொருந்தி வந்தது. மூளை அகற்றப்படாமல் மண்டைக்குள்ளேயே காய்ந்து இடப்பக்கமாக ஒட்டியிருந்தது. பதப்படுத்துவதற்கு முன் உடல் சிறிது காலம் இடப்பக்கம் சாய்ந்தபடி கிடந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

என் மனத்தை மிகவும் தொட்டது அந்த ஆய்வின் இன்னொரு பகுதி. உடைந்த மண்டையோட்டை, பதப்படுத்தியவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. காயங்களின் மேல் தோலுக்கடியில் ஒருவகைப் பசையை நிரப்பி, முகம் இயன்றவரை முழுமையாகத் தெரியும்படி மூடியிருக்கிறார்கள். அவர்கள் மூடிய சில முறிவுகளை மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்கேன்தான் வெளிக்காட்டியது. அவசரத்தில் செய்த வேலை என்ற பழைய எண்ணத்தை இது தள்ளிவிடுகிறது. தங்கள் மன்னருக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகும், நிதானமாக உட்கார்ந்து, கற்ற தொழிலையெல்லாம் காட்டி, அவருடைய முகத்தை அவருக்கே திருப்பிக் கொடுக்க முயன்ற அந்தப் பெயரறியாத கைவினைஞர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதினாலும் தகும்.

பதினேழாம் வம்சத்தின் இறுதிக்கட்ட மன்னர்களில் இப்படிப்பட்ட உடற்சாட்சி கிடைத்திருப்பது இவருக்கு மட்டும்தான். அவருக்குப் பின் ஆண்ட காமோஸின் சவப்பெட்டி 1857-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. ஆனால் திறந்தபோது உள்ளிருந்த உடல் உதிர்ந்துபோனது. ஆகவே ஹிக்சோஸ் எதிர்ப்புப் போரில் தீப்ஸ் கொடுத்த விலையை இன்று நேரில் காட்டக்கூடிய ஒரே அரச உடல் செகெனென்ரேயுடையது.

அவருடைய இறப்பு இப்படித் துலங்கியிருக்க, போருக்காக அவர் உயிரோடிருக்கையில் என்ன செய்தார் என்ற கேள்வி எழும். போரை விவரிக்கும் கல்வெட்டு அவர் பெயரில் கிடைக்கவில்லை என்பது உண்மை. எனினும் தடயங்கள் இருக்கின்றன. தீப்ஸுக்கு வடக்கே, டெய்ர் எல்-பல்லாஸ் என்ற பாலைவன விளிம்பில், செங்கல்லால் கட்டிய பெரிய அரண்மனை வளாகம் ஒன்று எழுந்தது. 1900-ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் ரைஸ்னரின் குழு அதை அகழ்ந்தது. செகெனென்ரேயின் பெயர் பொறித்த கல் அங்கே கிடைத்தது. வளாகத்தின் தென்கோடியில் குன்றின் மேல் அகன்ற படிக்கட்டோடு ஒரு கட்டடம் இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்றால் நைல் நதியில் வரும் படகுகளையும் பாலைவன வழியையும் வெகுதூரம் வரை கண்காணிக்க முடியும். அங்கே கெர்மா பாணி மட்பாண்டங்கள் கிடைப்பதால், நூபிய வீரர்கள் கூலிப்படையாகத் தங்கியிருந்திருக்க வேண்டும் என்றும் அறிஞர்கள் கருதுகிறார்கள். தலைநகருக்கு வடக்கே, எதிரி இருக்கும் திசையில், இப்படி ஒரு தளத்தை அமைப்பவர் போருக்கு ஆயத்தமாகிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. கோட்டையைக் கட்டி, ஆள் சேர்த்து, உணவு சேமித்து, படகுகளைத் திரட்டிய அந்த ஆயத்தம்தான் அடுத்த இரு மன்னர்களுக்கும் முதலீடாக அமைந்தது.

இன்னொரு தடயம் ஒரு சாதாரணப் படைவீரரின் குடும்பத்திலிருந்து வருகிறது. தீப்ஸுக்குத் தெற்கே எல்-காப் என்ற ஊரில், பாறையைக் குடைந்த கல்லறைச் சுவரில், அபானா என்ற பெண்மணியின் மகன் அஹ்மோஸ் என்னும் கடற்படை வீரர் தன் வாழ்க்கை வரலாற்றைப் பொறித்துவைத்தார். மன்னருக்கும் இவருக்கும் ஒரே பெயர் என்பதால் தங்கள் கட்டுரையாளர் இருவரையும் ஓரிடத்தில் ஒருவராக்கிவிட்டார், திருத்த வேண்டுகிறேன். அந்த வீரர் தன் கதையைத் தொடங்கும்போதே, தன் தந்தை பாபா மன்னர் செகெனென்ரேயின் படைவீரராக இருந்தவர் என்று சொல்கிறார். பிறகு, திருமணம் ஆகாத இளைஞனாக, தந்தையின் இடத்தில் கப்பலில் சேர்ந்ததையும், அவாரிஸ் முற்றுகையில் கலந்துகொண்டதையும், வீரத்துக்காக மன்னரிடம் பொன் பரிசு பெற்றதையும் விவரிக்கிறார். அவாரிஸ் வீழ்ச்சியைக் கண்ணால் கண்டு எழுதியதாக நமக்குக் கிடைத்திருக்கும் சாட்சியம் இவருடையதுதான். வெற்றியைக் கண்ட தலைமுறை, தோல்வியில் வீழ்ந்த மன்னரின் பெயரோடு தன் வரலாற்றைத் தொடங்குகிறது. தந்தை யாருக்காகப் படகு வலித்தாரோ அவருடைய பெயரை மகன் முதல் வரிகளிலேயே பெருமையாகப் பொறிக்கிறார்.

செகெனென்ரே ஹிக்சோஸ் மன்னன் அபோபிஸோடு மோதிய கதை மக்கள் நினைவில் வெகுகாலம் நின்றது என்பதற்குப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, நாணல் தாளாலான ஒரு பாபிரஸ் சுருள் சான்று. மூன்று நூற்றாண்டுகளுக்கும் பிற்பட்ட, பத்தொன்பதாம் வம்ச காலத்தில், ஓர் எழுத்தர் பயிற்சிக்காகப் படியெடுத்தது அது. தீப்ஸில் உள்ள குளத்து நீர்யானைகளின் இரைச்சலால் அவாரிஸில் தனக்கு இரவும் பகலும் தூக்கமில்லை என்றும், அவற்றை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்றும் அபோபிஸ் தூதனுப்புகிறான். இரண்டு நகரங்களுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நதி கிடக்கிறது. வம்புக்கு இழுக்கும் ஓலை இது என்பது கேட்ட மாத்திரத்தில் புரியும். செகெனென்ரே வாயடைத்துப்போகிறார், தூதனுக்கு விருந்தளித்து அனுப்பிவிட்டுத் தன் அதிகாரிகளைக் கூட்டுகிறார், அவர்களும் சொல்லறியாது நிற்கிறார்கள். அங்கே சுருள் பாதியில் நின்றுவிடுகிறது. இது வரலாற்று ஆவணம் என்று நான் வாதிடவில்லை, கதைதான். ஆனால் மன்னர் இறந்து பத்துத் தலைமுறை கடந்த பின்னும் எழுத்துப் பயிலும் ஒருவர் கைக்கு வந்து சேர்ந்த கதை அது என்பதே அவருடைய பெயர் எகிப்தியர் நடுவே எவ்வளவு பழகியிருந்தது என்பதைக் காட்டும்.

அவருக்குப் பின் அரியணை ஏறிய காமோஸையும் தங்கள் கட்டுரை பெயரளவில்தான் குறிப்பிடுகிறது. அவருடைய ஆட்சி நீண்டதல்ல. மூன்றாம் ஆண்டுக் கல்வெட்டுகளே கிடைத்திருக்கின்றன. ஆனால் அவர் தீப்ஸில் உள்ள கர்னாக் கோயிலில் நாட்டிய கல்வெட்டுகள் அக்காலப் போரின் உள்முகத்தைத் திறந்து காட்டுகின்றன. அவாரிஸில் ஒருவன், குஷ்ஷில் ஒருவன், நடுவே நான்; ஆளுக்கொரு துண்டாக எகிப்தைப் பங்கிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என் வலிமைக்கு என்ன பொருள் என்ற கருத்தில் அவர் தம் அவையோரிடம் கேட்கிறார். அவையோரின் விடை நம்மைத் திகைக்கவைக்கும்: நம் பங்கு நம்மிடம் அமைதியாகத்தான் இருக்கிறது, நம் மாடுகள் டெல்டாவில் தடையின்றி மேய்கின்றன, நம் பன்றிகளுக்குத் தீனி வருகிறது, யாராவது நம்மைத் தாக்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அந்நிய ஆட்சியோடு ஒத்துப்போவதால் கிடைத்த வசதிகளை இவ்வளவு வெளிப்படையாக அடுக்கும் ஆவணங்கள் அரிது. முந்தைய மன்னர் மண்டை பிளந்து வந்து சேர்ந்த சில ஆண்டுகளில் நடந்த உரையாடல் இது என்று எண்ணும்போது, அவையோரின் அச்சமும் புரிகிறது, அதை மீறி எழுந்த காமோஸின் பிடிவாதமும் புரிகிறது.

போர் நடந்த விதமும் அந்தக் கல்வெட்டுகளில் தெரிகிறது. அது பெரும்பாலும் ஆற்றுப்போர். காமோஸ் கப்பற்படையோடு நைலில் வடக்கு நோக்கி இறங்கி, நெஃப்ரூசி என்ற நகரைப் பிடித்து, அவாரிஸின் மதில்களுக்கு வெளியே வரை சென்றார். அங்கே தேவதாருக் கப்பல்களில் ஏற்றியிருந்த பொன், வெள்ளி, நீலமணிக்கல், எண்ணெய், தேன், வெண்கலக் கோடரிகள் ஆகியவற்றைக் கைப்பற்றியதாகப் பட்டியலிடுகிறார். குதிரை பூட்டிய தேர்கள் எதிரிப் படையிடம் இருந்தன. அவற்றைப் பறிக்கப்போவதாக அவர் சூளுரைக்கிறார். அதாவது, செகெனென்ரேக்குப் பின் வந்தவரே தேரைப் பகைவரின் உடைமையாகத்தான் பேசுகிறார். தேரேறிப் போரிடும் எகிப்திய மன்னரின் காட்சி அஹ்மோஸ் காலத்தில்தான் உறுதியாகத் தெரியவருகிறது. எகிப்தின் புனித நகரான அபிடோஸில் அவர் கட்டிய கோயிலின் சிதறிய சிற்பத் துண்டுகளில் குதிரைகளும் தேர்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. எனவேதான் தங்கள் ஓவியத்தில் உள்ள தேரை நான் மறுக்கிறேன்.

பாலைவனச் சோலை வழியாகச் சென்ற ஒரு தூதனைக் காமோஸின் ஆட்கள் மடக்கிப் பிடித்த செய்தியும் அதே கல்வெட்டில் வருகிறது. அபோபிஸ் குஷ் மன்னனுக்கு எழுதிய ஓலை அவனிடம் இருந்தது. காமோஸ் என்மீது போர் தொடுத்துள்ளான், நீ தெற்கிலிருந்து புறப்பட்டு வா, எகிப்தின் நகரங்களை நாம் இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பகைவன் தன் நட்புநாட்டுக்கு எழுதிய ஓலையைப் பறித்து, அதையே கல்லில் வெட்டிக் கோயிலில் நிறுத்திய மன்னர் அவர். அந்தக் கல் பின்னாளில் ஒரு பெரிய சிலையின் அடித்தளத்தில் புதைந்து, 1954-ஆம் ஆண்டு எகிப்தியத் தொல்லியலாளர் லபீப் ஹபாச்சியின் குழுவினரால் வெளிக்கொணரப்பட்டது. அதன் கீழ்மூலையில், பொறிக்கும் பணியை நிறைவேற்றிய கருவூல அதிகாரி நெஷியின் சிறிய உருவம் இன்றும் நிற்கிறது.

அரச குடும்பத்துப் பெண்களை விட்டுவிட்டு இந்தப் போராட்டத்தை எழுத இயலாது. தங்கள் கட்டுரை அவர்களை முற்றிலும் விட்டுவிட்டது. செகெனென்ரேயின் தாய் தெத்திஷேரிக்கு, பேரன் அஹ்மோஸ் அபிடோஸில் நினைவுச் சின்னம் எழுப்பி, அதற்கான அறக்கட்டளையையும் கல்லில் வெட்டினார். செகெனென்ரேயின் மனைவி அஹ்ஹோதெப் இதைவிட நேரடியாகக் களத்தோடு தொடர்புடையவர். கணவர் கொல்லப்பட்டார், காமோஸும் விரைவில் மறைந்தார், அஹ்மோஸோ சிறு வயதில் அரியணை ஏறியவர். அந்த இடைக்காலத்தில் அரசைத் தாங்கியவர் யார் என்பதற்கு, கர்னாக்கில் அஹ்மோஸ் நாட்டிய கல்வெட்டு விடை சொல்கிறது. எகிப்தின் படைவீரர்களைப் பேணியவர், ஓடிப்போனவர்களைத் திரும்பக் கூட்டிவந்தவர், தென்னாட்டை அமைதிப்படுத்திக் கலகக்காரர்களை விரட்டியவர் என்று மகன் தாயைப் புகழ்கிறார். வழக்கமான அரச புகழ்ச்சியில் ஓடிப்போன வீரர்களுக்கு இடமில்லை. மன்னர் வீழ்ந்ததும் படை கலைந்தது, வீரர்கள் ஊர் திரும்பினார்கள், அவர்களை மறுபடி அணிவகுக்கச் செய்தவர் ஒரு கைம்பெண் என்பதை இந்தக் கல்வெட்டிலிருந்து ஊகிப்பது மிகை என்று நான் கருதவில்லை. செகெனென்ரேயின் மரணத்துக்கும் அஹ்மோஸின் வெற்றிக்கும் நடுவே உள்ள பாலம் இந்தப் பெண்மணிதான்.

இவ்வளவு சொல்லும் நான், ஹிக்சோஸ் மக்களைக் காட்டுமிராண்டிக் கூட்டம் என்று தங்கள் கட்டுரை வருணித்திருப்பதை ஏற்கவில்லை. கீழ்த்திசையிலிருந்து திடீரென்று பாய்ந்து வந்து நகரங்களை எரித்து ஆலயங்களை இடித்தவர்கள் என்ற சித்திரம், அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்ட எகிப்தியப் பூசாரி மானெத்தோ எழுதியதாக யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எடுத்துக்காட்டும் பகுதியிலிருந்து வருவது. மண்ணைத் தோண்டினால் கிடைக்கும் செய்தி வேறு. அவாரிஸ் இருந்த டெல் எல்-தாபாவில் ஆஸ்திரியத் தொல்லியலாளர் மன்ஃபிரெட் பியெட்டாக் 1966 முதல் நடத்திய அகழாய்வுகள், மேற்காசியாவிலிருந்து வந்த மக்கள் அங்கே பல தலைமுறைகளாக வணிகராகவும் கைவினைஞராகவும் படைவீரராகவும் குடியேறி வாழ்ந்ததைக் காட்டின. 2020-ஆம் ஆண்டு, அங்கே புதைக்கப்பட்ட 75 பேரின் பற்களில் உள்ள, ஒருவர் எங்கே வளர்ந்தார் என்பதைக் காட்டும் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகளை ஆராய்ந்து வெளியிடப்பட்ட ஆய்வு, வெளியூரில் பிறந்து அங்கே வந்து சேர்ந்தவர்கள் ஹிக்சோஸ் ஆட்சி தொடங்குவதற்கு முன்பே ஏராளமாக இருந்தார்கள் என்றும், அவர்களுள் பெண்கள் கணிசமாக இருந்தார்கள் என்றும் தெரிவித்தது. படையெடுத்து வரும் சேனைக்கு இந்த இலக்கணம் பொருந்தாது. குடியேறிய சமூகம் ஒன்று, மைய அரசு தளர்ந்த வேளையில் உள்ளிருந்தே அதிகாரத்தைப் பிடித்தது என்பதே இன்று வலுப்பெற்றுள்ள கருத்து.

அவர்களுடைய அரசு கல்வியைப் புறக்கணித்ததும் இல்லை. கணித வரலாறு படித்தவர்கள் அறிந்த, ரைண்ட் பாபிரஸ் எனப்படும் கணக்குச் சுருள், அபோபிஸின் 33-ஆம் ஆட்சியாண்டில், பழைய எகிப்திய மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டது. படியெடுத்த எழுத்தரின் பெயரும் அஹ்மோஸ்தான். அதே சுருளின் பின்புறத்தில், ஓர் ஆட்சியின் 11-ஆம் ஆண்டில் ஹெலியோபோலிஸ் நகருக்குள் படை நுழைந்ததையும் எல்லைக் கோட்டையான ஜாரு வீழ்ந்ததையும் யாரோ நாட்குறிப்பாக எழுதிவைத்திருக்கிறார்கள். முன்பக்கம் பின்னக் கணக்குகள். பின்பக்கம் நெருங்கி வரும் தென்னாட்டுப் படையின் செய்தி. ஹிக்சோஸ் ஆட்சியின் செழிப்பும் முடிவும் ஒரே சுருளில் இருக்கின்றன.

செகெனென்ரேயின் பெருமையை இது குறைத்துவிடும் என்று சிலர் அஞ்சக்கூடும். எனக்கு அந்த அச்சம் இல்லை. எதிரே இருந்தது நாடோடிக் கூட்டம் என்றால் அதை எதிர்ப்பது எளிது. குதிரையும் தேரும் கூட்டுவில்லும் கொண்டு, துறைமுகமும் வெளிநாட்டு வணிகமும் கொண்டு, எகிப்திய எழுத்தர்களையே பணியில் அமர்த்தி, மூன்று தலைமுறைக்கு மேல் வேரூன்றிய ஓர் அரசை எதிர்ப்பது கடினம். தீப்ஸின் அவையோரே அதனோடு சமாதானமாக வாழ விரும்பினார்கள் என்பதை மேலே கண்டோம். அத்தகைய அரசை எதிர்த்து நின்றார் என்று எழுதினால்தான் அவருடைய துணிவின் அளவு வாசகருக்குத் தெரியும்.

அஹ்மோஸின் வெற்றியைப் பற்றித் தங்கள் கட்டுரை எழுதியவற்றில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. அவர் அவாரிஸைப் பிடித்தார், தென் பாலஸ்தீனத்தில் ஷரூஹென் நகரை மூன்று ஆண்டுகள் முற்றுகையிட்டு வென்றார், பதினெட்டாம் வம்சத்தைத் தொடங்கிவைத்தார். பின்வந்த அரசவை அவரைப் புதிய யுகத்தின் நிறுவனராகக் கொண்டாடியது. ஆனால் மக்கள் அவருடன் நிறுத்திக்கொள்ளவில்லை. அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் குடியிருப்பான டெய்ர் எல்-மதீனாவில், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு வாழ்ந்த கைவினைஞர் ஒருவர் தம் கல்லறைச் சுவரில், தாம் வழிபட்ட முன்னாள் அரசர், அரசியர் வரிசையில் செகெனென்ரேயையும் வரையச் செய்தார். ஒன்பதாம் ராம்செஸ் காலத்தில் கல்லறைக் கொள்ளைகளை விசாரித்த அதிகாரிகள், செகெனென்ரேயின் கல்லறையையும் நேரில் சென்று பார்த்து, அது சேதமின்றி இருப்பதாக அறிக்கையில் பதிவு செய்தார்கள். அந்த அறிக்கையும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

நம் காலத்து எகிப்தும் அவரை மறக்கவில்லை. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 3 அன்று, கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்து அருங்காட்சியகத்திலிருந்து ஃபுஸ்தாத்தில் உள்ள எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்துக்கு 22 அரச மம்மிகள் அலங்கார ஊர்திகளில் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டபோது, கால வரிசைப்படி முதலில் சென்ற ஊர்தி செகெனென்ரேயுடையது. அன்று அந்த ஊர்வலத்தைப் பற்றித் தமிழ் நாளிதழ்களும் படம் வெளியிட்டன என்றாலும், முன்னால் செல்பவர் யார், அவர் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று வாசகருக்கு விளக்கும் வாய்ப்பு நழுவிப்போயிற்று.

ஆகவே தங்களிடம் சில வேண்டுகோள்கள். முதலாவதாக, தேர் ஓவியம் கற்பனை என்பதையும், அபானாவின் மகனும் மன்னரும் வெவ்வேறு நபர்கள் என்பதையும் திருத்தமாக வெளியிட வேண்டும். அடுத்து, இதே பக்கத்தில் செகெனென்ரே, காமோஸ், அஹ்ஹோதெப் மூவரையும் மையமாகக் கொண்ட தனிக்கட்டுரை ஒன்றைத் துறை அறிந்தவரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஹிக்சோஸ் பற்றிய புதிய அகழாய்வு முடிவுகளும் அதில் இடம்பெற வேண்டும். எகிப்திய ஆண்டுகளைக் குறிக்கும் இடங்களிலெல்லாம் சுமார் என்ற சொல்லைச் சேர்ப்பதும் நல்லது, ஏனெனில் அறிஞர்களின் கணிப்புகள் ஒன்றுக்கொன்று சில ஆண்டுகள் வேறுபடுகின்றன. மம்மியின் படத்தை வெளியிடுவதாக இருந்தால், காயங்களைப் பெரிதாக்கிக் காட்டி அதிர்ச்சியூட்டும் தலைப்பு வைக்காமல், எந்தக் காயம் எந்த ஆயுதத்தால் ஏற்பட்டதாகக் கருதப்படுகிறது என்று எளிய விளக்கத்தோடு வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி மாணவர்கள் இந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வதை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
மன்னார்குடி.